கொட்டக் கொட்டப் புழு குளவியாகுமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பழைய ஓட்டு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சன்னல் மேல் கைப்பிடி அளவு ஒட்டியிருந்த மண்கூட்டைக் கொத்துக்கரண்டியால் பெயர்த்திருக்கிறீர்கள். உள்ளே குழல் குழலாக அறைகள். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு சிலந்திகள் செத்தவை போலக் கிடந்தன, தொட்டால் காலை மட்டும் அசைத்தன. நடுவில் ஒரு வெள்ளைப் புழு. உங்கள் அம்மா, "கொட்டக் கொட்டப் புழு குளவியாகும், அதுதான் இது" என்றார். மகளோ, "குளவி, தேனீ, எறும்பு மூன்றும் ஒரே வரிசை என்று பாடத்தில் இருக்கிறது" என்றாள். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். எந்தப் பூச்சி எதற்கு என்ன உறவுமுறை, அது நமக்கு எப்படித் தெரியும் என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் 28 ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பூச்சிகளில் எனக்குப் பழக்கம் அதிகம் வயலில் உள்ள ஒட்டுண்ணிக் குளவிகளோடு. எறும்புகளைச் சிற்றினம் வரை பிரித்துச் சொல்வதில் கைதேர்ந்தவன் அல்லன். நீங்கள் படமும் போடவில்லை. ஆனாலும் பல குழல்கள் அடுக்கிய மண்கட்டி, அறை நிறையச் சிலந்தி என்ற இரண்டு குறிப்பும் சேர்ந்தால் அது ஸ்கெலிஃப்ரான் என்ற பேரினம் என்று துணிந்து சொல்லலாம். நம் வீடுகளில் அடிக்கடி காண்பது ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர் மதராஸின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார். கறுப்பு உடல், மஞ்சள் கால்கள், நூல் போன்ற இடை. கையடிபம்பைச் சுற்றித் தேங்கும் சேற்றோரத்தில் தலையைக் கீழே வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு மண் உருண்டை பிடிக்குமே, அதேதான்.

அம்மா சொன்ன பழமொழியை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. சொன்னவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள். புழுவை உள்ளே கொண்டுபோவதைப் பார்த்தார்கள். குளவி கொட்டுவதைப் பார்த்தார்கள். கூட்டுக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டார்கள். சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். நான்கும் உண்மை. முடிச்சுப் போட்ட இடம்தான் தவறு. கொட்டப்பட்ட இரை குளவியாவதில்லை, குளவிக்குச் சோறாகிறது. தாய்க் குளவி சிலந்தியைக் கொடுக்கால் குத்தினால் அது சாவதில்லை, முடங்கிப்போகிறது. செத்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். முடங்கினால் கெடாமல் இருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாமல் கறியைப் பத்திரப்படுத்தும் வித்தை இது. அறையில் ஒரு சிலந்தியின் மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, மண்ணால் வாயை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். நீங்கள் பார்த்த வெள்ளைப் புழு அந்த முட்டையிலிருந்து வந்த குளவிக் குஞ்சு. ரீங்காரம் மந்திரமும் அல்ல, மண் வேலை. உடலை அதிரவைத்து ஈர மண்ணை இளக்கிப் பரப்புகிறது. கொத்தனார் சாந்தைக் கரண்டியால் தட்டித் தட்டி விரிப்பது போல.

ஒருமுறை மாணவர் ஒருவர் இப்படி ஒரு கூட்டைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, வாய்க்கு மெல்லிய துணி கட்டி வைத்திருந்தார். ஒரு காலை குடுவையோடு என்னிடம் ஓடி வந்தார். உள்ளே மயில்கழுத்து நிறத்தில், பச்சையும் நீலமுமாகத் தகதகவென்று ஒன்று. "கறுப்புக் குளவியின் கூட்டில் பச்சைக் குளவி எப்படி ஐயா?" குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுப் பிழைக்கும் குளவிகள் உண்டு. அதில் ஒன்றான ஸ்டில்பம் அது. கூட்டைக் கட்டியவளின் பிள்ளை ஸ்டில்பம் குஞ்சுக்கு இரையாகியிருந்தது. பழமொழி சொன்னவர்கள் இந்தப் பச்சைக் குளவி வெளிவந்ததைப் பார்த்திருந்தால் அன்றே கணக்கைத் திருத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி உறவுமுறை. உங்கள் வீட்டிலேயே, அதே சுவரில் அல்லது செடியின் குச்சியில், வாய் குறுகிய குட்டி மண்பானை போன்ற கூட்டையும் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டுபவள் வேறொரு குளவி. அதில் ஒரு பேரினத்தின் பெயரே டெல்டா. நம் மாவட்டத்துக்காரர்கள் மகிழ்ந்துகொள்ளலாம், ஆனால் பெயர் காவிரியைப் பார்த்து வைத்தது அல்ல. இந்தப் பானைக் குளவி இரை சேர்ப்பதற்கு முன்பே முட்டையிட்டுவிடும். வெறும் பானையின் கூரையிலிருந்து மெல்லிய நூலில் முட்டை தொங்கும். அதன் பிறகே முடங்கிய பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கும். இரண்டும் மண்ணில் கட்டுகின்றன, இரண்டும் கொட்டி முடக்குகின்றன, இரண்டையும் நாம் குளவி என்கிறோம். ஆனால் சிலந்தி சேர்த்தவளுக்குப் பானை கட்டியவளைவிட நெருங்கிய சொந்தம், உங்கள் முருங்கைப் பூவில் மொய்க்கும் தேனீ. பானைக் குளவியின் பங்காளிகள் பனை உச்சியில் கூடு வைக்கும் கதண்டும், திண்ணைக் கூரையில் காகிதக் கூடு தொங்கவிடும் குளவியும். இது இன்று ஐயத்துக்கு இடமில்லாத செய்தி.

இதனால் "குளவி" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. ஒரு பெரிய குடும்பம், எல்லோரும் வேட்டைக்காரர்கள். ஒரு கிளை சைவத்துக்கு மாறிப் பூந்தாதும் தேனும் உண்ணத் தொடங்கியது. அதற்குத் தேனீ என்று தனிப்பெயர் கொடுத்தோம். இன்னொரு கிளையில் வேலைக்காரப் பெண்கள் இறக்கையை விட்டுவிட்டு மண்ணில் நடந்தார்கள். அதற்கு எறும்பு என்று பெயர். மீதியிருந்த அத்தனை கிளைகளையும் பழைய பெயரிலேயே குளவி என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் குளவி என்பது ஒரு கொடிவழியின் பெயர் அல்ல, பெயர் மாற்றிக்கொள்ளாதவர்களின் பெயர். தேனீயும் எறும்பும் குளவிக்கு உறவு என்று சொன்னால் போதாது. அவை குளவி வம்சத்துக்குள்ளேயே பிறந்தவை. உங்கள் மகள் சொன்னது சரி. பாடத்தில் ஹைமனோப்டெரா என்ற வரிசையோடு, அதாவது பூச்சிகளின் ஒரு பெரும்பிரிவோடு, நிறுத்தியிருப்பார்கள்.

எறும்பின் இடம் நெடுங்காலம் தடுமாறியது. நான் படித்த காலத்துப் புத்தகங்களில் எறும்பைக் கதண்டுக் குடும்பத்தின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். 2013-க்குப் பிறகு வந்த மரபணு ஆய்வுகள் அதை எடுத்து, தேனீயும் சிலந்தி வேட்டைக் குளவியும் சேர்ந்த பெருங்கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தன. ஆக, அடுப்படி எறும்பு கதண்டுக்கு உறவா தேனீக்கு உறவா என்று கேட்டால், தேனீக்கு. நானே வகுப்பில் பல ஆண்டுகள் தவறாகச் சொல்லிக்கொடுத்த செய்தி இது. எறும்பு குளவியிலிருந்து வந்தது என்பதற்குக் கையில் பிடிக்கும் சான்றும் உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த அம்பர் என்ற கல்லாகிப்போன மரப்பிசினுக்குள் சிக்கியிருந்த பூச்சி ஒன்றை 1967-இல் ஸ்ஃபெகோமிர்மா என்று பெயரிட்டார்கள். குளவியெறும்பு என்று பொருள். வயது சுமார் 9 கோடி ஆண்டுகள். தாடை குளவியுடையது போலக் குட்டை. இறக்கையில்லாத உடலும் மார்பின் பக்கத்துச் சுரப்பியும் எறும்புடையவை.

காலக் கணக்குகளை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். இந்த வரிசை முழுவதும் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்றும், தேனீக்கள் பூச்செடிகள் பெருகிய காலத்தில், 12 கோடி ஆண்டுகளை ஒட்டிக் கிளைத்தன என்றும் எழுதுவார்கள். இவை மரபணு மாற்றத்தின் வேகத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஆய்வுக்கு ஆய்வு ஒன்றிரண்டு கோடி முன்பின் நகரும். எந்தக் கிளைக்குப் பின் எது பிரிந்தது என்பது உறுதி, நாள் குறித்த பஞ்சாங்கம் உறுதியல்ல. வேட்டைக் குளவி ஏன் சைவமாயிற்று என்பதும் ஊகம்தான். தேனீக்கு மிக நெருக்கமாக இன்று உயிரோடிருக்கும் குளவிகள் மிகச் சிறியவை. அவை பிடிப்பது இலைப்பேனை. இலைப்பேன் பூவுக்குள் குடியிருந்து மகரந்தம் பூசிக்கொள்ளும். அந்த இரையோடு ஒட்டி வந்த தாதுதான் குஞ்சுகளுக்குப் புது ருசி காட்டியது என்கிறார்கள். எனக்குப் பிடித்த கதை; பிடித்திருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் உண்டு.

கொடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது முட்டையிடும் குழலின் மறுபிறப்பு. பழைய குளவிகள் அந்தக் குழலால் மரத்தையோ புழுவையோ துளைத்து முட்டை வைத்தன; பின்னால் வந்த கிளையில் குழல் நஞ்சு ஊசியாகிவிட்டது, முட்டை வேறு வழியில் வருகிறது. அதனால்தான் ஆண் குளவிக்கும் ஆண் தேனீக்கும் கொட்டத் தெரியாது. அந்த ஒடுங்கிய இடையும் அழகுக்கு வந்தது அல்ல. வாலை எந்தப் பக்கமும் வளைத்துக் குத்துவதற்காக. தமிழ் இதில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது: குளவி கொட்டும், எறும்பு கடிக்கும். பாதி சரி. மாமரத்து முசுறுக்கும் கட்டெறும்புக்கும் கொடுக்கு இல்லை. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன, எரிச்சல் அதனால். ஆனால் வரப்பில் கால் வைத்தவுடன் ஏறும் நெருப்பெறும்பு தாடையால் கவ்விக்கொண்டு, பின்பக்கத்தால் கொட்டுகிறது. நாம் கடித்துவிட்டது என்று சொல்லும் அந்தக் கொப்புளம் உண்மையில் கொட்டு. இதே எறும்பு அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து கப்பலேறி வந்தது என்பது இன்னொரு செய்தி.

கறையானை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆங்கிலேயர் அதை வெள்ளை எறும்பு என்றார்கள், நம் ஊர்ப் பேச்சிலும் அது நுழைந்துவிட்டது. கறையான் கரப்பான்பூச்சியின் வம்சம். முதல் மழைக்கு விளக்கைச் சுற்றும் ஈசலும் இறக்கை முளைத்த கறையானே. தொல்காப்பிய மரபியல் சிதலையும் எறும்பையும் மூவறிவு உயிர்கள் என்று ஒன்றாக வைக்கிறது, சிதல் என்றால் கறையான். தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவில் வைக்கிறது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கே அடுக்கியது புலனறிவை வைத்து, பிறப்பை வைத்து அல்ல. வேலைக்காரக் கறையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் கிடையாது என்பதை நினைத்தால் அந்த அடுக்கின் கூர்மை புரியும். நம் மண்ணோடு இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், உயிரினங்களுக்கு இலத்தீனில் பெயரிடும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர். அவர் 1779-இல் தென்னாட்டுக் கறையான்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "வெள்ளை எறும்பு எனப்படுவது" என்று பொருள்படப் போட்டார். அந்த "எனப்படுவது" என்ற ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

கொட்டும் குளவிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த வரிசையின் பெரும்பகுதியை விட்டவனாவேன். பெயரிடப்பட்டவை 1,50,000-க்கு மேல். அதில் தேனீ சுமார் 20,000, எறும்பு சுமார் 14,000. மீதியில் பெரும்பாலானவை நம் கண்ணில் படாத ஒட்டுண்ணிக் குளவிகள். வண்டினத்தைவிட இவைதாம் அதிகம் என்று 2018-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. பெயரிடாதவற்றை எண்ணுவது மதிப்பீடு என்பதால் வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் சம்பா வயலிலேயே பாருங்கள். புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி நெல்லின் இலையுறைக்குள் முட்டையைச் செருகி வைக்கும். அந்த முட்டைக்குள் முட்டையிடும் அனாக்ரஸ் என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இறக்கை இறகு போல, ஓரமெல்லாம் மயிர். பூச்சி தென்படும் முன்பே பைரித்ராய்டு மருந்தை அடித்தால் முதலில் சாவது இதுவும் சிலந்தியும்தான். பிறகு புகையான் கேள்வி முறையில்லாமல் பெருகும். நான் சேற்றில் நின்று கண்ணாரப் பார்த்தது இது. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்காகக் கட்டும் ஒட்டுண்ணி அட்டை என்ற காகித அட்டையில் இருப்பதும் குளவிதான். டிரைக்கோகிரம்மா என்று பெயர். ஒரு சிசி அட்டையில் 20,000 முட்டை வரை இருக்கும். அட்டையை வாங்கி வீட்டில் இரண்டு நாள் போட்டுவிட்டால் வரவேற்பறையில் குளவி பொரித்துவிடும். வயலுக்குக் கட்டியது வெறும் அட்டை.

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்போமே, அந்தப் புழுவும் குளவிக் கூட்டம். அத்திக்குள் பூக்கள் உள்பக்கமாகப் பூத்திருக்கும். மிளகில் பாதிகூட இல்லாத ஒரு குளவி காயின் துளை வழியாக இறக்கை பிய்ந்துபோக உள்ளே நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். ஆலுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று, அத்திக்கு ஒன்று என்று குளவி வேறு. அந்தக் குளவி இல்லையென்றால் காவிரிக்கரை அத்தியில் முளைக்கும் விதை ஒன்றுகூட இருக்காது.

கூட்டு வாழ்க்கையைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: ஏன் எறும்பும் தேனீயும் மட்டும் ராணி வைத்துக்கொள்கின்றன? மட்டும் இல்லை. தேனீக்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. மூங்கிலைத் துளைக்கும் கருவண்டும் வண்டல்ல, தேனீ. திண்ணையில் காகிதக் கூடு கட்டும் ரோபாலிடியா குளவிக்கும் ராணி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். ராணியை எடுத்துவிட்டால் அதுவரை சாதுவாக இருந்த வேலைக்காரிகளில் ஒருத்தி சில நிமிடங்களில் மற்றவர்களை அதட்டத் தொடங்குவாள். ஒரு வார அளவில் முட்டையிடவும் தொடங்கிவிடுவாள். இந்த வரிசையில் ஆண் கருவுறாத முட்டையில் பிறக்கும். அவனுக்கு அப்பா கிடையாது, தாய்வழித் தாத்தா உண்டு. அதனால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரிகள் மரபணுவில் முக்கால் பங்கு ஒத்திருப்பார்கள். ராணி முறைக்கு அதுவே காரணம் என்ற விளக்கம் 1964-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டனிடமிருந்து வந்தது, நாங்களும் பக்தியோடு படித்தோம். கறையானில் அந்தக் கணக்கே இல்லை, ஆனாலும் ராணி உண்டு. ஆகவே இன்று அதை முழுக் காரணமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கூட்டை உடைத்ததால் ஆபத்தா என்ற கவலை வேண்டாம். மண்கூட்டுக் குளவி தனியாள். காவல் படை இல்லை, கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. கதண்டு அப்படியில்லை. தென்னையிலோ பனையிலோ அதன் கூடு தெரிந்தால் தீப்பந்தம் கொளுத்தும் வேலையெல்லாம் வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனாலும் கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

உடைந்த அறையில் இருந்த புழு இன்னும் உயிரோடிருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் சிலந்திகளோடு சேர்த்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில், எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். சிலந்திகளைத் தின்று முடித்துப் பழுப்பு நிறக் கூடு சுற்றிக்கொள்ளும். மகளை நாள் குறித்து வைக்கச் சொல்லுங்கள். உடையாத மற்ற அறைகளைத் தனிக் குடுவையில் போட்டுத் துணி கட்டுங்கள். அதிலிருந்து மஞ்சள் கால் குளவி வந்ததா, பச்சை நிறத்தில் வேறெதுவும் வந்ததா என்று இங்கேயே எழுதுங்கள். இந்த முறை படத்தோடு.